காரை விற்பதற்கு முன் சத்தத்தைக் கேள்

இந்தச் சத்தம் எப்போது தொடங்கியது? எனக்குத் தெரியாது. கராஜ் மெக்கானிக் மோகன் பாஸ் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நியாயமான கேள்வியும் அதுதான். மூன்று நாளாக யோசிக்கிறேன். போன மழையில் தோட்டத்து ரோடு அரித்துப் போனதே, அதற்குப் பிறகா? அதற்கும் முன்பா? ஒரு நாள் இல்லாமல் இருந்தது, இன்னொரு நாள் இருந்தது. இடையில் எங்கேயோ நான் கவனிக்கத் தவறியிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே உன்னிடம் சொல்லிவிடுகிறேன் மகனே, இதற்கு மேல் சொல்லப்போகிறவை எனக்குத் தெரிந்தவை என்பதால்.

வியாழக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பெரியப்பா, சித்தி, நீ கட்டிக்கொள்ளப்போகும் தாரணி உட்பட முப்பது பேர் பார்க்க, நீ எழுதினாய்: "அம்மாவின் காரில் டிஃபரன்ஷல் போய்விட்டது. ஞாயிறு பத்து மணிக்கு ஆள் வந்து பார்த்து எடுத்துப்போவார். கல்யாணத்துக்கு அம்மாவுக்கு வேன் பிடித்திருக்கிறேன்." பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எனவே இந்தக் கடிதத்தையும் அதே குழுவில்தான் போடுகிறேன். எல்லாருக்கும் முன்னால் விற்கப்பட்ட கார் எல்லாருக்கும் முன்னால்தான் திரும்பி வர வேண்டும்.

நீ மோகன் பாஸுக்குப் போன் செய்தாய். அவர் டிஃபரன்ஷல் என்றார், நீ நம்பினாய். நீ பொறியியல் படித்தவன். நானும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள்தான். இருபத்து மூன்று வருடமாக அதைக் கற்பிக்கிறவள். அந்தக் காரை ஒவ்வொரு நாளும் ஓட்டுகிறவளும் நான்தான். என்னிடம் நீ ஒன்றும் கேட்கவில்லை. பாஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனிதர். ஆனால் அவர் காரை ஓட்டிப் பார்க்கவில்லை.

"ஓட்டிப் பாத்தீங்களா பாஸ்?"

"ஓட்டத் தேவையில்ல டீச்சர். கியர் போட்டதும் டக்குன்னு கேட்டிச்சே. டிஃப் போச்சு. தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்."

"நான் நிக்கிறேனே, என்கிட்ட சொல்லலாமே."

"தம்பி சொல்லுவாருன்னு நெனச்சேன் டீச்சர்."

இப்படித்தான் என் காரின் நோய் நீ இருக்கும் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பதுளைக்கு எனக்கு வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் இங்கேயே நேர்செய்துவிடுகிறேன். எல்லாரும் அதை "அப்பாவோட கார்" என்கிறீர்கள். அவர் போய் ஆறு வருடமாகியும் அப்படித்தான். பதிவுப் புத்தகத்தில் இருப்பது முதல் நாளிலிருந்தே என் பெயர். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதனால் அது அவருடையதாகிவிட்டது. இப்போது நான் ஓட்டுகிறேன், அப்போதும் அது அவருடையது. வேறு எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கார் போனால் எனக்கு என்ன ஆகும் என்று நீ யோசித்தாயா என்று தெரியவில்லை. தெமோதரை தாண்டி மேலே இருக்கும் என் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். அதைத் தவறவிட்டால் நாலு மைல் ஏற்றம். நான் இடமாற்றம் கேட்டுப் பதுளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடலாம் என்று நீ போன வருடமே சொன்னாய். நான் வந்தால் அங்கே உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகவியல் எடுக்க ஆள் இல்லை. இப்போது நாலு பெண் பிள்ளைகள் எழுதப்போகிறார்கள். பரீட்சை நிலையம் பதுளையில், அந்த பஸ் பரீட்சை தொடங்கிய பிறகுதான் டவுனுக்கு வந்து சேரும். அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கப்போவது இந்தக் கார். உன் கல்யாணத்துக்கு வேனில் வருவதில் எனக்கு ஒரு மானக்கேடும் இல்லை. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை என்பதுதான் பிரச்சினை.

இனி சத்தத்துக்கு வருகிறேன். இது பின்சக்கரம் இழுக்கும் கார். எஞ்சின் முன்னால், வேலை பின்னால். கியர் பெட்டியிலிருந்து, பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷல் என்ற பல்சக்கரப் பெட்டிக்குக் காரின் அடியில் நீளமாக ஓடும் இரும்புக் குழாய்தான் ஷாஃப்ட். பின் அச்சு ரோட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும், கியர் பெட்டி அசையாது. அதனால் குழாயின் நுனிகளில் வளைந்து கொடுக்கும் மூட்டு வேண்டும், அதைத்தான் கராஜில் யூ ஜொயின்ட் என்கிறார்கள். உனக்கு இது தெரியும், குழுவில் இருக்கும் சித்திக்குத் தெரியாது. அவரும் கட்டைவிரலைத் தூக்கியவர்தான்.

எனக்குக் கேட்டவை இரண்டு. கிளட்சை விட்டு வண்டி நகரும்போது ஒரே ஒரு "டக்". பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுக்கும்போது இன்னொரு "டக்". இது ஒன்று. மெதுவாகப் போகும்போது தாளம் தப்பாமல் ஒரு "கிரீச், கிரீச்". இது இரண்டாவது. டிஃபரன்ஷல் தேய்ந்தாலும் டக் வரும், பாஸ் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் டிஃபரன்ஷல் கிரீச்சிடாது. அது ஊளையிடும், ஏற்றத்தில் ஒரு குரல், இறக்கத்தில் ஒரு குரல். ஆகவே நான் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கிரீச் எதனோடு சேர்ந்து சுற்றுகிறது என்பது.

ஹாலிஎலவுக்கும் பதுளைக்கும் நடுவில் கொஞ்சம் சமமான ரோடு வருகிறதே, அங்கே முப்பதில் ஓட்டினேன். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், நான்காம் கியர். எஞ்சின் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேகத்தில் ஓடியது, கிரீச் மாறவில்லை. ஆகவே எஞ்சினும் இல்லை, கிளட்சும் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் ஏதோ ஒன்று. சக்கரமா, ஷாஃப்டா? நம் காரில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலாகவே சுற்றிவிடும். இங்கேதான் எனக்கு ஆள் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு, விளையாட்டுத் திடலில், பின்சக்கரத்தில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டுச் சரோஜா டீச்சரைப் பக்கத்தில் நடக்கவிட்டேன். அவர் தமிழ்ப் பாடம் எடுப்பவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், காரில் ஏறினால் கதவைச் சாத்தத் தெரியாதவர். கோடு கீழே வரும்போதெல்லாம் அவர் சத்தமாக எண்ண வேண்டும், நான் உள்ளே இருந்து கிரீச்சை எண்ணுவேன்.

"என்னங்க டீச்சர், தேர் இழுக்கிற மாதிரி கூடவே நடக்க வுட்டுட்டீங்க."

"பேசாம எண்ணுங்க."

"எண்ணிக்கிட்டுத்தான் வாறேன். நீங்க பேசினதுல ஒண்ணு போயிருச்சி."

"அப்ப மறுபடியும் முதல்லருந்து."

"ஐயோ, மகனுக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு இது என்ன வேல? ஆளுங்க பாத்தா மாப்பிள்ள வீட்டுல கார் தள்ளுறாங்கன்னு சொல்லப்போறாங்க."

பத்துச் சுற்றுக்கு நாற்பத்தொரு கிரீச். இரண்டாம் தடவையும் நாற்பத்தொன்று. சக்கரமாக இருந்தால் பத்துத்தான் வந்திருக்கும். ஷாஃப்டோடு சுற்றுகிற ஏதோ ஒன்று எண்ணெய் வற்றிக் கத்துகிறது. சனிக்கிழமை, அதாவது இன்று காலை, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை எடுத்துவிட்டு, பழைய பாயை விரித்து அடியில் போனேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது, முழங்கால் சரியில்லை, பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதில் மேலாக எட்டிப் பார்த்து, "டீச்சர், கீழ விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பின் மூட்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகினேன். டிஃபரன்ஷல் பக்கத்துக் கை அசையவில்லை. ஷாஃப்ட் பக்கத்துக் கை அசைந்தது. மூட்டின் வாய் ஓரத்தில் செம்மண் மாதிரி துரு உதிர்ந்திருந்தது. விரலில் எடுத்து வந்தேன். படம் கீழே இருக்கிறது.

இதில் என் பங்கையும் சொல்ல வேண்டும். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே அந்தக் காலத்தில், இந்த மலையில் எல்லாரும் ஒரு பழக்கம் படித்துக்கொண்டார்கள். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை உருள விடுவது. பண்டாரவளையில் எடுத்துவிட்டால் பதுளை வரைக்கும் எஞ்சினுக்கு வேலையே இல்லை என்று ஆட்டோக்காரர்கள் பெருமை பேசினார்கள். அதற்கு வெகு முன்பே உன் அப்பா இதைச் செய்தபோது நான் சண்டை பிடித்திருக்கிறேன், பிரேக் சூடேறினால் கதை முடிந்தது என்று. அந்த நானே இரண்டு வருடம் செய்தேன். வரிசை முடிந்த பிறகும் செய்தேன். சேமிப்பு என்று முதலில் சொன்னேன், பிறகு பழக்கம் என்று சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் ஏற்றம் வந்ததும் கியரை அவசரமாகத் திணிப்பேன், ஓடுகிற ஷாஃப்டில் ஒரு இடி விழும். ஒரு நாளைக்கு இருபது இடி என்று வை. அந்த மூட்டை நான்தான் சுத்தியலால் அடித்திருக்கிறேன். உருளும்போது மூட்டில் இழுவை இல்லாததால் சத்தமும் கேட்காது. அதனால்தான் எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். இப்போது நிறுத்திவிட்டேன். பாஸிடம் இதைச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. உன்னிடம் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. உனக்கு ஒன்பது வயது. கொஸ்லந்தையில் அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹல்துமுல்லைக்கு ஏறும்போது அடியில் பெரிய சத்தம், ஷாஃப்டின் பின் நுனி கழன்று ரோட்டில் அடித்தது. வண்டி இழுவை இழந்து பின்னால் போகத் தொடங்கியது. அப்பா பிரேக்கை மிதித்துக்கொண்டு என்னைக் குதிக்கச் சொன்னார். நான் குதித்துக் கல் வைத்தேன். கல்லுக்கும் தேயிலைச் சரிவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்பதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. உன் ஞாபகத்தில் அந்த நாள் உதவிக்கு நின்ற லொறிக்காரர் கொடுத்த சோளமும் மூடுபனியும்தான். அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் "திடீர்னு போயிருச்சி" என்றார். திடீரென்று போகவில்லை. நாலு மாதத்துக்கு முன்பே நான் அந்தக் கிரீச்சைக் கேட்டேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவர், "ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு சத்தம் கேக்கும்" என்றார். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு உன்னைப் பின்னால் உட்காரவைத்து அந்தக் காரில் போனேன். அவர் கேட்காதது அவர் தவறு. நான் நிறுத்தியது என் தவறு. இரண்டையும் கூட்டிச் சமப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அந்த ஷாஃப்டை பண்டாரவளையில் ஒரு பட்டறையில் திருத்தினார்கள். இரண்டு துண்டாகக் கழற்றி, திரும்பக் கோர்க்கும்போது முதலில் எப்படி இருந்தது என்று குறி போட்டு வைக்கவில்லை. ஐம்பதைத் தாண்டினால் கார் முழுவதும் நடுங்கியது. டயர் என்றார்கள். டயர் மாற்றினோம், நடுங்கியது. நான் குனிந்து பார்த்தேன். குழாயின் இரு நுனியிலும் மூட்டைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், நின்றிருக்கவில்லை. சொன்னேன். பட்டறைக்காரர் அப்பாவைப் பார்த்து, "டீச்சர் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தட்டும் சார்" என்றார். அந்தக் கொஸ்லந்தை நாளுக்கு முன்னால் என்றால் நான் காருக்குள் போய் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு உட்காரவில்லை. "கழட்டி நேரா மாட்டுங்க. நடுக்கம் நிக்கல்லைன்னா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று அங்கேயே நின்றேன். கழற்றினார்கள், மாட்டினார்கள், நடுக்கம் நின்றது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா வேகத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அதை அவருடைய மன்னிப்பாக எடுத்துக்கொள் என்று உன் அத்தை சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை, இப்போதும் எடுக்கவில்லை. அவரோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்தேன், அதில் நல்ல வருடங்கள் அதிகம். ஆனாலும் அந்த "ம்" வெறும் "ம்" தான்.

இன்னும் எட்டு நாளில் உனக்குக் கல்யாணம். அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு, கேட்டு நடந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. தாரணி ஒரு நாள் ஏதோ சரியில்லை என்று சொல்வாள். வீட்டுக் குழாயாக இருக்கலாம், உன் அலுவலகத்து நண்பனாக இருக்கலாம், நீயாகவே இருக்கலாம். அது உனக்குக் கேட்காது. கேட்காததால் இல்லை என்று முடிவு செய்யாதே. இறங்கிப் போய்ப் பார். அவள் சொன்னது பிழையாக இருந்தால் அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். தாரணி, நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய் என்பதால் உனக்கும் சொல்கிறேன். மூன்றாம் தடவையோடு நிறுத்திவிடாதே. சண்டை வந்தால் வரட்டும்.

என்னை நீ ஏன் கேட்கவில்லை என்று நான் யோசித்துப் பார்த்தேன். உனக்குப் பயம் என்று நினைக்கிறேன். தனியாக ஒரு பொம்பிளை, பழைய கார், மலை ரோடு. அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் நீ பயந்தால் நான் இறங்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். என் கண் பழுதானால் நானே சாவியைக் கொடுப்பேன். கார் பழுதானால் திருத்துவேன்.

மோகன் பாஸை நாளை எட்டு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், புது மூட்டு ஒன்றையும் கொண்டுவரச் சொல்லி. "தேவைப்படாது டீச்சர்" என்றார். "தேவைப்படாட்டி திருப்பிக் கொண்டுபோங்க" என்றேன். ஷாஃப்டைக் கழற்றிப் பார்ப்போம். மூட்டு நன்றாக இருந்தால், பத்து மணிக்கு வரும் ஆளிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு, உன் வேனில் வருகிறேன். மூட்டு போயிருந்தால், பண்டாரவளைக் கல்யாண மண்டபத்துக்கு நானே ஓட்டி வருகிறேன். இதை முப்பது பேருக்கும் முன்னால் எழுதிக் கொடுக்கிறேன்.

அம்மா

ஞாயிறு நடந்ததையும் எழுதிவிடுகிறேன், பாதிக் கதையை வைத்துக்கொண்டு யாரும் பேச வேண்டாம்.

பாஸ் எட்டரைக்கு வந்தார். தூறல். கழற்றுவதற்கு முன் நான் வெள்ளைத் திருத்த மையால் இரு பக்கத்திலும் கோடு போட்டேன், திரும்ப அதே நேரில் மாட்ட. நாலு போல்ட்டைக் கழற்றிப் பின் மூட்டைக் கையில் எடுத்து ஆட்டினார். ஒரு பக்கம் இறுகிப்போய் நின்றது, மறுபக்கம் லொடலொடவென்று ஆடியது. மூடிகளில் ஒன்றைத் தட்டிக் கழற்றினார். உள்ளே ஊசி ஊசியாக உருளைகள் இருக்க வேண்டும். சிவப்புத் தூள்தான் கொட்டியது. அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல யாரும் வந்தாங்களா இந்த வாரம்?" என்று கேட்டார்.

புதன்கிழமை நாலு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பயிற்சிப் பரீட்சைக்கு இறங்கினேன். சொன்னேன். "இன்னும் ரெண்டு மூணு ஏத்தம் தாங்கியிருக்கும். அதுக்கு மேல தாங்காது" என்றார். நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. படியில் உட்கார்ந்தேன். சத்தம் தெரிந்த பிறகும், எது என்று நிரூபிக்கும் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் விட நினைத்தேன். விடவில்லை.

புது மூட்டு ஒன்பதரைக்கு ஏறியது. ஹாலிஎல வரை ஓட்டினோம். டக் இல்லை, கிரீச் இல்லை. ஐம்பதில் ஒரு மெல்லிய ஊளை இருந்தது, காலை எடுத்தால் குரல் மாறியது. பாஸ் என்னைப் பார்த்தார். "டிஃப்பும் கொஞ்சம் தேஞ்சிருக்கு டீச்சர். ஓடும், ஆனா பாக்கணும்." பார்ப்போம் என்றேன். பத்து மணிக்கு வந்த ஆள் பண்பானவர், ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் டீச்சர் எனக்கு ஆச கூடியிருக்கு" என்றார். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு நீ போன் செய்தாய். நான் புதன்கிழமையையும் சொன்னேன், ஊளையையும் சொன்னேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"முன் மூட்ட பாத்தீங்களா அம்மா?"

"பாக்கல்ல. ஆட்டிப் பாத்தேன், ஆட்டம் இல்ல. கழட்டல்ல."

"ஒண்ணு போனா மத்ததும் அதே வயசுதானே. அதையும் மாத்திருங்க."

சரி என்றேன். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் மாற்றிவிடுகிறேன் என்றேன். பாஸ் இன்னும் வாசலில்தான் நின்றார். சாமான் சாக்கை மடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, முன் மூட்டும் வேண்டும், நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார். ஆகவே திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன்.